பனி விடர்

நம் திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சிக் குன்றுகளில், பெருமழை நாட்களில், பாறைகளுக்கு இடைப்பட்ட விடர் வழியே நீர் குதித்திறங்கக் கண்டோர் பலர். அவ்விடரைப் பன்மடங்கு நீட்டி, நீருக்குப் பதிலாக உறைபனியை நிரப்பிக் காண்க. பிரெஞ்சுக்காரர் இதனைக் கூலுவார் என்பர். செங்குத்தான மலைமுகத்தில் பனிக்கோடரி பற்றி ஏற வாய்த்த வழி பெரும்பாலும் இதுவே. மேலிருந்து பெயரும் கல்லும் பனியும் இறங்கும் வழியும் இதுவே. வெயில் ஏறினாற் பாறைகளைப் பிணித்த பனி இளகும், கற்கள் உருளும். ஆதலின் நெடிய விடர் ஏறுவோர் நள்ளிரவிலேயே புறப்பட்டு, பனி இறுகியிருக்கும்போதே மேலேறிவிடுவர்.

இறுகாத பனியும் இடரே. 1924 ஜூன் 4 அன்று எவரெஸ்டின் வடமுகத்தில் நார்ட்டனும் டாக்டர் சாமர்வெல்லும் பிராணவாயுக் கலமின்றி ஏறினர். (சாமர்வெல் நமக்கு அயலாரல்லர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையிலும், பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நெடுங்காலம் தொண்டு புரிந்தவர்.) தொண்டை நோவால் சாமர்வெல் அமர்ந்துவிட, நார்ட்டன் தனியே பெருவிடருள் புகுந்தார். பனி மாவெனப் பொடிந்து, சிலவிடத்து இடுப்பளவு புதைத்தது. பிணைத்துக்கொள்ளக் கயிற்றுத் துணையுமில்லை. 28,126 அடியில், உச்சிக்கு ஆயிரம் அடிக்கும் குறைவாகவே எஞ்சியிருக்க, அவர் திரும்பினார். இறங்குகையில் சாமர்வெல் மூச்சடைத்து உயிர் பிழைத்ததே அரிது. அன்றிரவு பனியொளி தாக்கி நார்ட்டனுக்குக் கண் தெரியாமற் போயிற்று.

1980 ஆகஸ்டு 20 அன்று மெஸ்னர், முகட்டு வழியிற் பனி மிகுந்தமையால் அவ்விடரையே நாடி, தனியராய்க் கலமின்றி உச்சியை அடைந்தார். விடர் இன்றும் நார்ட்டன் பெயராலேயே வழங்குகின்றது.