அலைக்கு மேலே – 9: வயிற்றில் கோடு போட்ட பறவை

மூக்கால் மோப்பம் பிடித்து இரை தேடும் கடற்பறவைகளைப் போன வாரம் பார்த்தோம். விட்டுப்போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம், இடம் குறைவு. இந்த வாரம், ஆடும் படகில் நின்றுகொண்டு படமெடுக்கும் வித்தையைச் சொல்வதாக அறிவிப்பு. அதற்குள் குறுக்கே ஒரு பறவை வந்துவிட்டது.

2003 ஜனவரி 25. நியூசிலாந்தின் வடதீவில், கோரமாண்டல் தீபகற்பத்தின் ஃபிட்டியாங்கா ஊரை ஒட்டிய கடல். சாவ் சேவில், பிரென்ட் ஸ்டீவன்சன் ஆகிய இருவரும் இன்னும் சில பறவை நோக்கர்களும் படகில் இருந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன ஸ்டார்ம் பெட்ரல் அலையைத் தொட்டும் தொடாமலும் பறந்துபோனது. ஸ்டீவன்சன் படமெடுத்தார்.

ஸ்டார்ம் பெட்ரல்களை ஏற்கெனவே அறிமுகம் செய்தாயிற்று. சிட்டுக்குருவியைவிடச் சற்றே கனமான உடம்பு. காலைத் தொங்கவிட்டு நீரின் மேல் நடப்பதுபோல இரை பொறுக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான பள்ளத்தில் புகுந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டு மூன்று நொடி தெரிந்தால் அதிர்ஷ்டம். அந்த நொடிகளில் கண் எதைப் பார்த்தது, மனம் எதைச் சேர்த்துக்கொண்டது என்று பார்த்தவரே சத்தியம் செய்ய முடியாது. அரிய கடற்பறவையைக் கண்டேன் என்று வெறும் குறிப்பேட்டோடு வருபவரை நிபுணர்கள் நம்பத் தயங்குவது இதனால்தான்.

படத்தில் இருந்த பறவையின் வெள்ளை வயிற்றில் கறுப்புக் கோடுகள் ஓடின. அப்படி வயிற்றில் கோடு போட்ட நியூசிலாந்து ஸ்டார்ம் பெட்ரல் உலகத்துக்கே மூன்றுதான். இரண்டு பாரிஸ் அருங்காட்சியகத்தில், ஒன்று இங்கிலாந்தின் டிரிங்கில். மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்துப் பாடம் செய்யப்பட்டவை. அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாததால் அழிந்த இனங்களின் பட்டியலில் போட்டாயிற்று. தனி இனமே கிடையாது, வேறொன்றின் நிறபேதம்தான் என்று வாதிட்டவர்களும் உண்டு.

படமெடுத்தவர்கள் கொண்டாடவில்லை. ‘பேர்டிங் வேர்ல்ட்’ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘கண்டிருக்கக்கூடும்’ என்ற தயக்கம் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று பாப் ஃபிளட், பிரையன் தாமஸ் என்ற இருவர் லிட்டில் பேரியர் தீவுக்கு வடக்கே படகை நிறுத்தி, மீன் கழிவைக் கடலில் கொட்டிக் காத்திருந்தார்கள். ஒன்றல்ல, பத்துக்கும் மேல் வந்தன. படங்கள் சேர்ந்தன. அதே இதழில் ஃபிளட் எழுதிய கட்டுரை, அந்தப் பறவை அழியவில்லை என்று தலைப்பிலேயே அடித்துச் சொன்னது. ஒரே ஆண்டில் தயக்கம் தீர்ந்தது.

இது நடந்த இடம்தான் இன்னும் வேடிக்கை. ஆள் அரவமற்ற தென்துருவக் கடல் என்றால் ஒப்புக்கொள்ளலாம். இதுவோ நாட்டின் மிகப் பெரிய நகரமான ஆக்லாந்தின் வாசல். ஹவுராக்கி வளைகுடாவில் பாய்மரப் படகுகளும் தூண்டில்காரர்களும் எப்போதும் உண்டு. அத்தனை பேர் கண் முன்னால் பறந்த பறவையை, தெரிந்த ஏதோ ஒரு இனம் என்றே எல்லோரும் கடந்துபோயிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஃபிஜியின் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1855இல் காவ் தீவில் ஒரே ஒரு பெட்ரல் பிடிபட்டது. ஃபிஜி பெட்ரல் என்று பேர் வைத்ததோடு சரி. 1984இல் டிக் வாட்லிங் என்ற ஆய்வாளர் அதைத் தேடி அதே தீவில் இரவில் விளக்கோடு நின்றார். வெளிச்சத்துக்கு வந்த பறவை நேராக அவர் தலையில் மோதியது. கடலில் பறக்கும் அதன் படம் கிடைக்க 2009 வரை ஆனது. ஹடோரம் ஷிரிஹாய் குழுவினர் மீன் கழிவையும் எண்ணெயையும் கட்டியாக உறையவைத்துக் கடலில் மிதக்கவிட்டார்கள். கட்டி மெல்ல உருக, வாசனை மணிக்கணக்கில் பரவ, பறவை வந்தது. போன வாரத்து மூக்கு இங்கே வேலை செய்திருக்கிறது.

நியூசிலாந்துக்குத் திரும்புவோம். 2005 நவம்பரில் ஒரு ஸ்டார்ம் பெட்ரல் தானாகவே மீன்பிடிப் படகு ஒன்றில் வந்து விழுந்தது. பிறகு வலையை வீசும் துப்பாக்கியால் கடலிலேயே சிலவற்றைப் பிடித்தார்கள். அவற்றின் டி.என்.ஏ.வை அருங்காட்சியக உடல்களோடு ஒப்பிட்டபோது, மூன்று பழைய உடல்களும் புதியவையும் ஒரே இனம் என்று உறுதியானது. நிறபேத வாதம் அத்தோடு முடிந்தது.

கூடு எங்கே என்பது மட்டும் பாக்கி. 2013இல் 24 பறவைகளுக்குச் சின்னஞ்சிறு ரேடியோ கருவிகளைப் பொருத்தி விட்டார்கள். சமிக்ஞை லிட்டில் பேரியர் தீவின் காட்டுக்குள்ளிருந்து வந்தது. மாவோரி மக்கள் ஹவுதுரு என்று அழைக்கும் இந்தத் தீவு நெடுங்காலமாகப் பாதுகாக்கப்பட்ட பறவைச் சரணாலயம். ஆய்வாளர்கள் வந்துபோகும் இடம். பொந்தில் முட்டையிடும் இந்தப் பறவை பகலில் கடலில் இருந்துவிட்டு இருட்டிய பிறகே கரையேறும். அதனால்தான் காட்டில் நடந்தவர்கள் கண்ணில் படவில்லை. தீவில் இருந்த பூனைகளை 1980இல் ஒழித்தார்கள், எலிகளை 2004இல். ஆக, முதல் படம் எடுக்கப்பட்டபோது எலிகள் இன்னும் தீவில் இருந்தன. இரண்டு எதிரிகளுக்கும் நடுவில் இத்தனை காலம் அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதே ஆச்சரியம்.

படமெடுக்கும் வித்தைக்கு மிஞ்சியிருப்பது ஒரு பத்தி. கடலில் பறவை தென்பட்டால் அழகான முகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வயிறு, பிட்டத்து வெள்ளை, இறக்கையின் அடிப்பக்கம், வாலுக்குப் பின்னால் கால் நீட்டுகிறதா இல்லையா என்பவை முதலில் பதிவாகட்டும். படம் மங்கலாக இருந்தாலும் அழித்துவிட வேண்டாம். பெயரைக் கரையில் வந்து தேடலாம். ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்குக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

முழங்காலை மடக்கி நிற்கும் விதம், லென்ஸில் உப்புத் தண்ணீர் படாமல் காப்பது, குமட்டலைச் சமாளிப்பது எல்லாம் அடுத்த வாரம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அண்டார்டிக்காவிலிருந்து நம் கடல்களுக்கு வரும் வில்சன் ஸ்டார்ம் பெட்ரலையும் அப்போதே சேர்த்துக்கொள்வோம், வேறு ஏதாவது குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)