இனிக்கும் தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

தீவகத்தில் உப்புக் கரிக்காத நீரை 'நல்ல தண்ணீர்' என்கிறோம். வேலணைக்குச் சாட்டிக் கிணறுகள். நெடுந்தீவுக்குச் சாராப்பிட்டிக் கிணறுகள். ஆனால் உப்பில்லாத காரணத்தால் மட்டும் நீர் நல்லதாகிவிடுமா?

நமக்கு ஆறுகள் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினூடாக இறங்கி, கடல் நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், நாளடைவில் கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறும். மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவராவது இதனாற்றான்.

உப்பை நாக்குச் சொல்லும், நைத்திரேற்றைச் சொல்லாது. மலசலகூடக் குழியிலிருந்தும் யூரியா இட்ட தோட்டத்திலிருந்தும் அது கல்வெடிப்புகள் வழியே கிணற்றை அடைகிறது. இலங்கைத் தரப்படி லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால், அந்நீரில் கரைத்த மாப்பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்துக்கு ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குளோரின் கிருமிகளைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது.

ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்போம்: எங்கள் பொதுக்கிணற்றைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? முடிவு என்ன? பவுசரில் வரும் நீருக்கும் இதே கேள்விதான். விடையை வாசிகசாலைப் பலகையில் எழுதி வைப்போம். கேட்பது குறை கூறுவதன்று, குடிப்பவர்களின் உரிமை.