சத்து மாத்திரைகள்: துணையா, மருந்தா?

மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் உறை உண்டு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவ்வுறையைத் தாக்கி அரிப்பதுதான் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நோய். ஆண்களைவிடப் பெண்களையே, அதுவும் இளம் வயதிலேயே, இது மிகுதியாகப் பற்றுகிறது. பார்வை மங்கும், கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. கட்டுப்படுத்தும் மருந்துகள் உண்டு.

நோயாளியின் இல்லத்தில் எழும் முதற்கேள்வி, "என்ன சத்து கொடுக்கலாம்?" என்பதே. தியாகராய நகர் மருந்துக் கடைகளில் டப்பாக்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் எவை பயன்படும் என்று காண்போம்.

முதலாவது வைட்டமின் 'டி'. சென்னையில் வெயிலுக்கா பஞ்சம் என்று நாம் வியக்கலாம். ஆனால் இச்சத்து தோலில் நன்கு உருவாவது நடுப்பகல் வெயிலில்தான். உடல் சூடேறினாலோ இந்நோயாளிகளின் தொல்லைகள் தற்காலிகமாக அதிகரிக்கும். பெசன்ட் நகர் கடற்கரையின் அதிகாலை வெயில் இதமானது. அதில் கிடைக்கும் 'டி' சத்தோ சொற்பம். ஆகவே இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மாத்திரை அவசியமாகிறது. அது நோயையே அடக்குமா? 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்துடன் கூடுதல் அளவு கொடுத்தும் பலன் தெரியவில்லை. 2025-ல் வெளியான பிரெஞ்சு ஆய்விலோ, நோயின் தொடக்க நிலையில் ஓரளவு பலன் தெரிந்தது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் பழுதுபடும்.

இரண்டாவது பி12. இது காய்கறியில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் உண்டு. இது குறைந்தாலும் கைகால் மரத்து நடை தள்ளாடும். எனவே மயிலாப்பூரின் சைவ இல்லங்களில் உள்ளோர் இதனைப் பரிசோதித்துக்கொள்வது நன்று.

மீன் எண்ணெய் மாத்திரையால் நோய் தணியவில்லை என 2012-ல் நார்வே ஆய்வு காட்டியது. பெரிதும் நம்பப்பட்ட பயோட்டினும், 642 நோயாளிகள் பங்குபெற்ற 2020-ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தரவில்லை. மேலும், மிகுந்த அளவு பயோட்டின் தைராய்டு போன்ற இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும்.

ஆகவே, சத்து மாத்திரை குறையை நிரப்பும் துணையேயன்றி மருந்தாகாது. டப்பாவை நம்பி ஊசியை நிறுத்தினால், அரிக்கப்பட்ட உறை முழுதும் மீளாமல் போகலாம். 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்தின் கிளை சென்னையிலும் உண்டு. நம் உறவினரில், அண்டை அயலாரில் எவருக்கேனும் இந்நோய் இருப்பின், "இதை வாங்கிச் சாப்பிடுங்கள்" என்பதைவிட, "டாக்டரிடம் கேட்டீர்களா?" என்று அன்புடன் கேட்போம்.