மனத்திண்மையும் நல்லுறவும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேரளத்துப் பள்ளிகள் திறந்தபோது, மூன்றாம் வகுப்புப் பாடநூலின் படமொன்று திருவனந்தபுரத்தில் பலருடைய பேச்சுக்கு இடமாயிற்று. சமையலறையில் தந்தை தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். படத்தின் செய்தி அவ்வளவே. இதில் என்ன புதுமை என்று கேட்டோரும் உண்டு. ஆனால் ஆணையிடுபவர் யார், பணிபவர் யார் என்பதைப் பிள்ளைகள் பாடம் கேட்டு அறிவதில்லை. வீட்டிலே கண்டு அறிகின்றனர். பிற்காலத்தில் தம் உறவுகளை அவர்கள் அமைத்துக்கொள்வதும் அந்தக் காட்சியைக் கொண்டேயாகும்.

சிறுவர் சிறுமியரை வன்கொடுமையினின்றும் காப்பது எப்படி என்று கேட்டால், சட்டத்தையும் காவலரையும் சுட்டுவது நம் வழக்கம். அவை வேண்டுவனவே; எனினும் பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பின்னரே வருகின்றன. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வறிக்கையை ஈண்டு நினைவுகூரலாம். கேரளம் உள்ளிட்ட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு அது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியோருள் ஆண் பிள்ளைகளின் தொகை பெண் பிள்ளைகளின் தொகைக்குக் குறைந்ததன்று. தீங்கிழைத்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர், அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர். பிள்ளைகளுள் மிகப் பலர் அதனை எவரிடமும் சொல்லவே இல்லை.

ஆகவே, 'அந்நியரிடம் பேசாதே' என்று மட்டும் கற்பிப்பது போதாது. விருந்தினராக வந்த மாமாவுக்கு முத்தம் கொடுக்கக் குழந்தை மறுத்தால், 'பெரியவர் சொன்னால் கேட்க வேண்டாமா?' என்று கடிந்துகொள்வோர் நாமேயல்லவா? மறுப்பது மரியாதைக்குறைவு என்று பத்து ஆண்டுகள் பழக்கிவிட்டு, ஆபத்து வந்த ஒருநாளில் மட்டும் அது உரக்க மறுக்கவேண்டும் என எதிர்பார்க்கிறோம்.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு இதில் ஒரு சிறு சங்கடமும் உண்டு. கோப்புகளில் 'ஒப்புதல்' என்றால் அது மேலிடத்திலிருந்து வருவது. 'சம்மதம்' என்றாலோ, பெரும்பாலும் திருமணப் பேச்சில் பெற்றோர் தருவது. ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே தரவும், தந்ததைத் திரும்பப் பெறவும் உரியதொன்றைக் குறிக்க, 'இசைவு' என்ற சொல்லே ஒருவாறு பொருந்துகிறது. சொல் அகப்பட்டாலும், வீட்டில் அதற்கு இடம் அகப்படவேண்டுமே!

மனத்திண்மை என்பதையும் நாம் தவறாக உணர்ந்திருக்கிறோம். வாய்திறவாமல் பொறுத்துக்கொள்வது திண்மையன்று. தன் அச்சத்தையும் சினத்தையும் வெட்கத்தையும் இன்னதென்று பெயரிட்டுச் சொல்லவும், தக்கவரிடம் உதவி நாடவும், ஏமாற்றம் நேர்ந்தால் மீண்டெழவும் வல்ல ஆற்றலே அது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் தன்னையறிதல், பிறர் நிலை உணர்தல், உணர்ச்சியை ஆளுதல் ஆகியனவும் அடங்கும். இவை நீச்சலைப்போல், செய்து பழகினால் வருவன.

கனடா நாட்டில் இதற்கு ஒரு சான்று உண்டு. அங்கே 20 பள்ளிகளைச் சேர்ந்த, 14, 15 வயதினரான 1,722 மாணாக்கரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2009இல் வெளியாயிற்று. சில பள்ளிகளில் நல்லுறவு குறித்த 21 பாடங்கள் நடத்தப்பெற்றன. நெருக்கத்தை மறுப்பதையும், மறுப்பை ஏற்பதையும் மாணாக்கர் நடித்தே பழகினர். இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, துணையாகப் பழகுவோரிடம் கைந்நீட்டியவர் அப்பள்ளிகளில் நூற்றுக்கு 7.4; பிற பள்ளிகளில் 9.8. வேறுபாடு பெரிதன்று என்பது உண்மை. ஆயின் பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 7.1 என்பது 2.7 ஆகக் குறைந்திருந்தது. பெண்பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்வதோடு நின்றுவிடும் நம் இல்லங்கள் இக்கணக்கைக் கருதிப் பார்ப்பது நலம்.

கேரளத்தில் இதற்கு வழி திறந்தது நீதிமன்றம். 2022ஆம் ஆண்டில் ஒரு ஜாமீன் மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இளைஞர் பலருக்குத் தெரியாதிருப்பதைச் சுட்டி, தற்காப்புக் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பணித்தது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் இசைவு சட்டத்தின் முன் இசைவாகாது என்பதனை அறியாமலே குற்றவாளியாய் நிற்கும் பையன்களும் உளர். பூஜப்புரையில் உள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்தின் புதிய பாடநூல்கள் 2024இலும் 2025இலும் வகுப்புகளை வந்தடைந்தன.

பாடநூல் வந்துவிட்டது, கேட்கும் செவிதான் இனி வேண்டும். கரமனையிலோ சாலைக் கடைவீதியிலோ வாழும் நம் தமிழ்க் குடும்பமொன்றில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதோ சொல்லத் தொடங்கினால், 'நீ ஏன் அங்கே போனாய்?' என்ற கேள்வியே அதன் வாயை அடைத்துவிடும். 'சொன்னது நல்லதாயிற்று, தவறு உன்னுடையதன்று' என்ற இரு தொடர்களே முதலில் போதும். காவல் நிலையத்தை எண்ணி அஞ்சுவோரும் உளர். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயோ, அது விரும்பும் இடத்திலேயோ, இயன்றவரை ஒரு பெண் அதிகாரி பதிவு செய்யவேண்டும் என்றும், அவர் அப்போது சீருடையில் இருத்தலாகாது என்றும் சட்டமே விதித்துள்ளது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருத்தல் கூடாது. 1098 என்ற எண்ணைப் பிள்ளையே எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.