கண்ணாடிக்குள் செம்பு: சூளையில் சூப்பரா வந்த பெண்டன்ட், ஆறும்போது ஏன் உடையுது?

மாதனூர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர் ஒருத்தர்கூட இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்கணும். அதனால் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காத ஒன்று இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்: பக்கிள், ஐலெட், ரிவெட், ஜிப் தலை என்று குட்டிக் குட்டி உலோகச் சாமான்கள்.

இன்ஸ்டாவில் ‘ஃபியூஸ்டு கிளாஸ்’ நகை ரீல்ஸ் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன தோணும்னு சொல்லவே வேண்டாம். ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே ஒரு பக்கிளை வெச்சு சூளையில் சுட்டா, கண்ணாடிக்குள் உலோகம் மிதக்கிற மாதிரி ஒரு பெண்டன்ட் வந்துடுமே?

வராது பாஸ். பக்கிளை வெச்சா நிச்சயம் வராது. வேற உலோகம் வெச்சா வரும், அதுவும் ஆற வைக்கிற பொறுமை இருந்தால்.

விஷயம் இதுதான். கண்ணாடியை வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ‘கில்ன்’ என்கிற சின்ன மின்சூளையில் வைக்கிறார்கள். சுமார் 750 டிகிரி செல்சியஸில் துண்டுகள் ஓரம் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 800ஐத் தொட்டால் தேன் மாதிரி இளகி, ரெண்டும் ஒரே கண்ணாடியாகிவிடும். ஊதுகுழல், நெருப்பு எதுவும் கிடையாது. நடுவில் மெல்லிய உலோகம் இருந்தால் அதை அப்படியே மூடிக்கொள்ளும்.

ஏதோ வெளிநாட்டு ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தானின் பிரதாப்கரில் ‘தேவா’ என்று ஒரு நகைக்கலை இருக்கிறது. காகிதம் போல மெல்லிய தங்கத் தகட்டில் வேட்டைக் காட்சி, மயில், கிருஷ்ணர் என்று நுணுக்கமாகத் துளைத்து வெட்டுவார்கள். அதைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி மேல் வெப்பத்தில் பிடிக்க வைப்பார்கள். சோனி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தொழில் இது. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில்கூட பிரதாப்கர் நகைகள் இருக்கின்றன. அவர்கள் ஏன் தங்கத்தை, அதுவும் அவ்வளவு மெல்லிசாக எடுக்கிறார்கள்? அழகு ஒரு காரணம் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பிசிக்ஸும் இருக்கிறது.

சூடானால் எல்லாமே விரியும், ஆறினால் சுருங்கும். சிக்கல் என்னவென்றால் எல்லாம் ஒரே அளவில் சுருங்காது. 3 சென்டிமீட்டர் பெண்டன்ட் ஒன்றை எடுத்துக்குவோம். கண்ணாடி கெட்டியாகும் 480 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது, ஃபியூஸிங் கண்ணாடி சுமார் 0.12 மில்லிமீட்டர் சுருங்கும். அதே நீளச் செம்பு 0.23 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் 0.1 மில்லிமீட்டர், ஒரு ஏ4 தாளின் தடிமன்தான். ஆனால் அந்த நேரம் கண்ணாடி வளையாது, செம்பு உள்ளே ‘நான் சுருங்கியே தீருவேன்’ என்று இழுக்கும். தடியான செம்பு என்றால் அது ஜெயிக்கும், கண்ணாடி பிளக்கும். ஃபாயில் போல மெல்லிசு என்றால் செம்புதான் நீண்டு விட்டுக்கொடுக்கும். தங்கம் செம்பைவிட இளக்கமானது. பிரதாப்கர்க்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்களோ இல்லையோ, விடையைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

இப்போது பக்கிளுக்கு வருவோம். பளபளவென்று வெயிட்டாக இருக்கும் பல பக்கிள்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, மேலே முலாம் மட்டும்தான். இந்தக் கலவை 400 டிகிரிக்குள்ளாகவே உருக ஆரம்பித்துவிடும். கண்ணாடி இளகுவதற்கு முன்பே பக்கிள் சூளைத் தட்டில் குளமாகிவிடும். அதைவிட மோசம், புகை. 800 டிகிரியில் துத்தநாகம் ஆவியாகும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்புவலி வரும். வெல்டிங் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பித்தளையிலும் துத்தநாகம் இருக்கிறது, அதனால் ஐலெட்டும் தள்ளியே இருக்கட்டும். அலுமினியம் 660லேயே உருகிவிடும்.

வெள்ளி? இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். சுத்த வெள்ளி 962 டிகிரி வரை தாங்கும், செம்பு 1085 வரை. ரெண்டையும் ஒன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தால், தொடுகிற இடத்தில் 779 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். இரண்டும் கலந்தால் உருகுநிலை அப்படி இறங்கும். பழைய கொலுசுத் துண்டிலும் செம்பு கலந்திருப்பதால் அதையும் நம்பக் கூடாது. வெள்ளி வேண்டுமென்றால் சுத்த வெள்ளி ஃபாயில் மட்டும், செம்பிலிருந்து தள்ளி.

ஆக, கையைக் கடிக்காமல் ஆரம்பிக்கச் சரியான ஆள் மெல்லிய செம்புத் தகடு. கத்தரிக்கோலால் இலை, மீன், உங்கள் இனிஷியல் என எது வேண்டுமானாலும் வெட்டலாம். மோட்டார் வைண்டிங் கம்பி வேண்டாம், அதன் மேல்பூச்சு எரிந்து நாறும். சூளையில் செம்பு எடுக்கும் நிறம்தான் இந்த வேலையின் போதை. காற்றுப் படாத இடம் மெரூன், ஓரத்தில் கண்ணாடியில் கரைந்த இடம் நீலப்பச்சை. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த சிவப்புக் கண்ணாடி மணிகளுக்கு நிறம் கொடுத்ததும் இதே செம்புதான்.

கண்ணாடியும் கண்ட கண்ணாடியாக இருக்கக் கூடாது. ஃபியூஸிங்குக்கென்றே விற்கும் கண்ணாடியில் 90, 96 என்று எண் போட்டிருப்பார்கள். எவ்வளவு விரியும் என்பதற்கான எண் அது. 90ஐ 96உடன் சேர்த்தால் உலோகமே இல்லாவிட்டாலும் உடையும். காசு செலவழிக்காமல் பழக வேண்டுமா? ஒரே பாட்டிலில் வெட்டிய ரெண்டு துண்டு போதும். வேறு பாட்டிலோடு கலக்காதீர்கள், ஜன்னல் கண்ணாடியோடும் கலக்காதீர்கள்.

ரீல்ஸில் காட்டாத பகுதி ஆற வைப்பது. அங்கே சூளையைத் திறந்ததும் நேராக ‘டடா!’தான். உண்மையில் 90 எண் கண்ணாடியை 800இல் 10 நிமிடம் வைத்த பிறகு, 482 டிகிரிக்கு இறக்கி அங்கேயே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். இதற்குப் பெயர் அனீலிங். கண்ணாடி முழுக்க ஒரே சூட்டுக்கு வந்து உள்ளிருக்கும் இறுக்கம் தளரும் நேரம் அது. பிறகு 370 வரை மெதுவாக, அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். காலையில் திறந்தால் போதும். பாட்டில் கண்ணாடிக்கு இந்த நிறுத்தம் இன்னும் மேலே, 550 டிகிரி பக்கம்.

இதை அவசரப்படுத்தினால் உடனே தெரியாது. பெண்டன்ட் முழுசாகவே வெளியே வரும், போட்டோ எடுப்பீர்கள், ஆர்டர் வரும், அனுப்புவீர்கள். ஒரு வாரம் கழித்து யாரோ ஒருவர் கழுத்தில் அது ரெண்டாகப் பிளக்கும். கண்ணாடி விளிம்பு பிளேடு மாதிரி. விற்கிற எண்ணம் இருந்தால், ஆற வைக்கிற அந்த ராத்திரியை மிச்சம் பிடிக்கக் கூடாது.

அனுப்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்யலாம். லேப்டாப்பில் வெள்ளைத் திரை போடுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் ஒளி. போலரைஸ்டு கூலிங்கிளாஸைக் கண் முன் பிடித்து, திரை கறுப்பாகத் தெரியும்வரை சுழற்றுங்கள். இப்போது ரெண்டுக்கும் நடுவே பெண்டன்டைக் காட்டுங்கள். இறுக்கம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் கசியும். செம்பைச் சுற்றி லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. பளிச்சென்று ஒளிவட்டம் வந்தால் அந்தப் பீஸ் விற்பனைக்கு இல்லை. ஒளி ஊடுருவும் கண்ணாடியில் மட்டும்தான் இது எடுபடும்.

சூளைக்கே காசு போட வேண்டியதில்லை. பாலிடெக்னிக் லேபில் வெப்பத்தை செட் செய்யும் ‘மஃபிள் ஃபர்னஸ்’ இருந்தால் கேட்டுப் பாருங்கள், கண்ணாடி ஒட்டாமலிருக்க அடியில் போடும் கில்ன் பேப்பரை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். சுட்ட பிறகு அது பொடியாகும், மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ‘மைக்ரோவேவ் கில்ன்’ வாங்கினால், அதற்குப் பயன்படுத்திய மைக்ரோவேவில் அப்புறம் சாப்பாடு சூடு பண்ணக் கூடாது.

மாட்டும் வளையத்துக்கு எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஹீட்டர் காயில் கம்பியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, ‘யு’ மாதிரி வளைத்து, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவே நுனியைச் செருகிச் சுடுங்கள். சூளைச் சூட்டைத் தாங்கவென்றே செய்த கம்பி அது. அப்புறம் மெல்லிசாக வெட்டிய தோல் கயிறு ஒன்று, அதற்கு இங்கே பஞ்சமா என்ன? ஆரம்பத்தில் ஒதுக்கி வைத்தோமே அந்தக் குட்டிப் பக்கிள், அதை இப்போது எடுத்துக் கயிற்றின் முனையில் மாட்டிக்கொள்ளுங்கள்.