வயலைக் காக்க மேட்டில் ஏறிய ஊர்

நேபாளத் தலைநகர் காத்மாண்டுவின் மையத்திலிருந்து தென்மேற்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் போனால், வயல்களுக்கு நடுவே ஒரு குன்று எழுகிறது. அதன் உச்சியில் செங்கல் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதுதான் கீர்த்திபூர். அடிவாரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, கல் பாவிய செங்குத்தான சந்துகளில் மூச்சு வாங்க ஏறித்தான் பழைய ஊரின் பல பகுதிகளுக்குப் போக வேண்டும்.

சமவெளி இவ்வளவு அருகில் இருக்க, ஊரை ஏன் மேட்டில் கட்டினார்கள்? விடை மண்ணில் இருக்கிறது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரிய ஏரி. மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் தம் வாளால் சோபார் மலையை வெட்டி நீரை வடித்தார் என்பது ஐதிகம். ஏரி இருந்ததை நிலவியல் அறிஞர்களும் ஏற்கிறார்கள். பாக்மதி ஆறு பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும் அந்தச் சோபார் இடுக்கு இன்றைய கீர்த்திபூர் நகராட்சி எல்லையில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே தவுதஹா குளம். ஏரி வடிந்தபோது நாகராஜன் கார்க்கோடகனுக்காக விடப்பட்ட குளம் இது என்கிறார்கள். நளன் கதையில் வரும் அதே கார்க்கோடகன்தான்.

ஏரி விட்டுச்சென்ற வண்டல் நெல்லுக்கு ஏற்ற மண். பள்ளத்தாக்கின் தொன்மையான குடிகளான நேவார் மக்கள் அந்த மண்ணில் வீடு கட்டி வீணாக்கவில்லை. குடியிருக்க மேட்டு நிலம், விதைக்கத் தாழ்ந்த நிலம் என்று பிரித்துக்கொண்டார்கள். மேட்டில் இருப்பது பகைவரிடமிருந்தும் காத்தது. கீர்த்திபூரின் பெரும்பான்மையான பழைய குடும்பங்கள் ஜ்யாபு எனப்படும் உழவர்கள். மகர்ஜன் என்பது அவர்களிடையே பரவலான குடும்பப் பெயர். வயல் வேலை ஓய்ந்த வேளையில் பெண்கள் தறியில் அமர்வார்கள். சிவப்புக் கரையிட்ட கறுப்புச் சேலையான ஹாகு பதாஸி அவர்களின் மரபுடை. விருந்தென்றால் அவலும், உளுந்தை அரைத்துக் கல்லில் சுடும் ‘வோ’வும் கட்டாயம் உண்டு.

குன்றுக்கு இரண்டு முகடுகள். ஒன்றில் உமா மகேஸ்வரர் கோயில், மற்றதில் சிலாஞ்சோ பௌத்தத் தூபி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தாழ்வில் புலி உருவில் பைரவரை வழிபடும் பாக் பைரவர் கோயில். ஆடு மேய்த்த சிறுவர்கள் களிமண்ணில் புலி செய்து, நாக்குக்கு இலை தேடிப் போனார்களாம். திரும்பி வந்தபோது புலி உயிர்பெற்று ஆடுகளைத் தின்றிருந்ததாம். அதனால்தான் இங்கே புலிக்கு நாக்கு இல்லை என்பது ஊர்க்கதை.

அதே கோயிலின் மேல்சுவரில் பழைய வாள்களும் கேடயங்களும் மாட்டப்பட்டிருக்கின்றன. கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷாவை எதிர்த்துக் கீர்த்திபூர் நடத்திய போரின் நினைவுகள் அவை. பள்ளத்தாக்கைப் பிடிக்க இந்தக் குன்று தேவை என்று அவர் கண்டுகொண்டார். 1757இல் நடந்த முதல் தாக்குதலில் அவருடைய தளபதி காலு பாண்டே உயிரிழந்தார். 1764இல் மீண்டும் வந்தபோது, மன்னரின் தம்பி சூரப்ரதாப் ஒரு கண்ணை இழந்தார். மூன்றாவது முற்றுகைக்குப் பின் 1767இல் ஊர் வீழ்ந்தது. தோற்ற மக்களின் மூக்கை அறுக்கும்படி மன்னர் ஆணையிட்டார் என்று அக்காலத்தில் அங்கிருந்த கப்புச்சின் பாதிரியார் ஜுசெப்பே எழுதிவைத்திருக்கிறார். 1793இல் நேபாளம் வந்த ஆங்கிலேய அதிகாரி கிர்க்பாட்ரிக், மூக்கிழந்த ஆட்களைத் தாமே கண்டதாகக் குறிப்பிடுகிறார். எத்தனை பேருக்கு இது நேர்ந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். ஊராரின் நினைவில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. கீர்த்திபூர் விழுந்த மறு ஆண்டே காத்மாண்டுவும் பாட்டன் நகரும் கோர்க்காவின் கையில் போயின.

அடுத்த பெரிய மாற்றம் படையில்லாமல் வந்தது. 1959இல் தொடங்கிய திரிபுவன் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்காக, குன்றின் அடிவாரத்தில் இந்த உழவர்களின் வயல்கள் கையகப்படுத்தப்பட்டன. பரப்பு 150 ஹெக்டேருக்கும் மேல். தலைமுறைகளாக வீடு கட்டாமல் காத்த நிலம் அது. நாட்டின் முதல் பல்கலைக்கழகத்துக்கு இடம் கொடுத்த ஊர் என்ற பெருமை கீர்த்திபூருக்கு உண்டு. அந்தப் பெருமைக்குத் தங்கள் விளைநிலத்தை விலையாகக் கொடுத்தவர்கள் ஜ்யாபு குடும்பங்கள்.

பல்கலைக்கழகம் ஊரின் முகத்தையும் மாற்றியது. நேபாளத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள்; வாடகை அறைகள் பெருகின. 1997இல் பங்கா, நகாவ், சோபார் போன்ற ஊர்களையும் சேர்த்து நகராட்சி அமைந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65,000ஐத் தாண்டியது. நேவார் மக்களின் மொழியான நேபாள் பாஷா மட்டுமே ஒலித்த கடைகளில் இப்போது நேபாளியும் பிற மொழிகளும் கேட்கின்றன. பல்கலைக்கழகத்தின் கிரிக்கெட் மைதானத்தில் நேபாள அணி ஆடும் நாளில், இடம் கிடைக்காதவர்கள் மரங்களில் ஏறிக்கூடப் பார்க்கிறார்கள்.

பழைய ஊர் 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. கோயில்களையும் மரச்சாளரங்கள் கொண்ட வீடுகளையும் காக்க அது உதவக்கூடும். ஆனால் தலைநகரின் கான்கிரீட் வீடுகள் அடிவாரத்து வயல்களை ஆண்டுதோறும் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. இந்த ஊர் மேட்டில் நிற்பதற்கே காரணம் அந்த வயல்கள்தான். பங்காவிலும் நகாவிலும் எஞ்சியிருக்கும் நெல் வயல்களையும் பாரம்பரியத்தின் பகுதியாகக் கருதி, அங்கே கட்டடம் எழும்பாமல் நகராட்சி தடுக்க வேண்டும். கோயில்களுக்குத் தரும் பாதுகாப்பில் ஒரு பங்கையாவது உழவர்களின் நிலத்துக்கும் தர வேண்டும்.