நடுவில் ஒருவர்!

ஸ்ரீரங்கத்தில் என் மாமனார் கட்டிய வீடு இருக்கிறது. கணவரின் வேலை நிமித்தம் நாங்கள் சென்னைவாசிகளாகி பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டை வாடகைக்கு விட்டு, அதைப் பார்த்துக்கொள்ள அதே தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம். ஆள் பிடிப்பது, வாடகை வசூலிப்பது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவர்தான். மாதம் 500 ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியை வங்கியில் போட்டுவிடுவார். தொல்லை விட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

2022 ஜூனில், 8,500 ரூபாய் வாடகைக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. கொஞ்ச நாளில் பெரியவரிடமிருந்து புகார் மேல் புகார். "அம்மா, இவங்க வீடு வெச்சிருக்கிற அழகே சரியில்ல. பாத்ரூம் குழாயை உடைச்சு, பெட்ரூம் சுவரெல்லாம் ஊறிப்போச்சு" என்றார். ரிப்பேருக்கு 6,200 ரூபாய் கேட்டார், அனுப்பினோம். அப்புறமும் விடவில்லை. "காலி பண்ணச் சொல்லிடலாம்மா. கூட வாடகை தர நல்ல பார்ட்டி இருக்கு" என்றார். "சரி, மார்ச்சுக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க" என்று நானே சொல்லிவிட்டேன்.

2024 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காக திருச்சி போனேன். அப்படியே வீட்டையும் எட்டிப் பார்க்கலாமே என்று கதவைத் தட்டினேன். திறந்த பெண்ணுக்கு நான் யாரென்றே தெரியவில்லை. சொன்னதும் முகம் மாறிவிட்டது. உட்காரச் சொல்லி, காபி கொண்டு வந்தவள், தம்ளரைக் கையில் கொடுக்கும்போதே அழுதுவிட்டாள்.

"அக்கா, பொண்ணு பத்தாவது எழுதப் போறா. பரீட்சை முடியற வரைக்கும் மட்டும் இருக்க விடுங்க. வாடகையை ஆயிரம் ஏத்தினீங்க, ஒண்ணும் சொல்லாம கொடுத்துட்டுத்தானே இருக்கோம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் எங்கே ஏற்றினோம்? 2023 ஜனவரியிலிருந்து 13 மாதங்களாக 9,500 கொடுத்திருக்கிறார்கள். ரசீது கிடையாது. சுவர் அப்படியே பொரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில்தான் அந்தப் பெண்ணின் படிப்பு மேஜை. பழைய குழாய் தானாகவே உளுத்துப்போய் ஒழுகியிருக்கிறது. 'வீட்டுக்காரம்மா பைசா தரமாட்டேன்னுட்டாங்க' என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார் பெரியவர். சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கடி உள்ளே வந்து நோட்டம் விடுவாராம். என் போன் நம்பரைக் கேட்டதற்கு, 'அவங்க யார்கிட்டயும் பேச மாட்டாங்க' என்றாராம்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "நாலு இடம் அலையறவனுக்கு செலவு இருக்காதாம்மா?" என்றார், கொஞ்சமும் கூசாமல். கோபம் வந்தது. ஆனால், அவரை மட்டும் சொல்லி என்ன? மாசம் பணம் வந்தால் போதும் என்று, குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது நான்தானே!

வக்கீலாக இருக்கும் என் தம்பியிடம் சொன்னபோது அவன் திட்டிய திட்டு! தமிழகத்தில் 2017ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலான வாடகைச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம். வாடகைக்கு ரசீது தர வேண்டும். வீட்டைக் கவனிக்க ஆள் வைத்தால், அவர் பெயரையும், எதற்கெல்லாம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம் என்பதையும் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரரோ, அவர் வைத்த ஆளோ வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லியாக வேண்டும். இதில் ஒன்றைக்கூட நாங்கள் செய்திருக்கவில்லை.

கூடுதலாக வாங்கிய 13,000 ரூபாயை அடுத்த மாத வாடகைகளில் கழித்துக்கொண்டோம். பெரியவரிடமிருந்து அது வரவில்லை, நஷ்டம் எங்களுக்குத்தான். குழாயை மாற்றி, சுவரைப் பூசி வெள்ளையடித்த பிறகு முறைப்படி ஒப்பந்தமும் போட்டோம். அந்தப் பெண் அங்கிருந்தே பரீட்சை எழுதினாள்.

இப்போது வாடகை நேராக என் கணக்குக்கு வருகிறது. 5ம் தேதி போன் வரும், "அக்கா, போட்டுட்டேன்" என்று. அப்படியே அரை மணி நேரம் பேச்சு. போன வாரம், "குழாயில வாஷர் போயிடுச்சுக்கா" என்றாள். "அது உன் பாடு, சட்டத்துலயே இருக்காம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவருக்கே கேட்டுவிட்டது!